நெருப்புக்குள் போகிறவரின் உடுப்பு

(எமது பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில், புடைவைத் தொழில்நுட்பத் துறையில் பணியாற்றும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



என் தொழிலைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். தீயணைப்பு வீரர்கள் அணியும் உடுப்புகளுக்கான துணிகளைச் சோதிப்பது என் வேலை. சுருக்கமாகச் சொன்னால் சம்பளத்துக்குத் துணி எரிக்கிறேன். "துணியை எரிக்கவா பிள்ளை இவ்வளவு படிச்சாய்?" என்று என் பெரியம்மா இன்றும் கேட்பார்.

பேச்சை ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தபோது, வெளிநாட்டிலுள்ள எங்கள் கிளையொன்றிலிருந்து ஒரு கேள்வி வந்தது. அங்குள்ள தீயணைப்பு நிலையங்கள் கழித்துவிடும் பழைய உடுப்புகளைச் சேகரித்து, நூற்றாண்டு நினைவாக ஒரு கொள்கலன் நிறைய எங்கள் மாவட்டத்துக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தார்கள். நல்ல மனத்தோடு எழுந்த யோசனை. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் பதில் சொல்ல எனக்கு முடியவில்லை. இந்த உரை முழுவதையும் அந்தக் கேள்விக்கான பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்கள் ஊர் நெருப்பைப் பார்ப்போம். புளியந்தீவின் நெருக்கமான கடைத்தெருக்களில் மூளும் தீ ஒரு வகை. படுவான்கரையில் ஆடி மாதத்துக் கச்சான் காற்று வீசும்போது வைக்கோற் போரிலும் காய்ந்த புல்லிலும் பிடிக்கும் தீ இன்னொரு வகை. கரையோர வாடிகளில் எரிபொருட் கலன்களும் நைலோன் வலைகளும் ஒன்றாகக் கிடக்கும் இடத்தில் மூள்வது மூன்றாவது வகை. இவற்றைவிடப் பெரியதொன்றையும் எங்கள் கிழக்குக் கடல் கண்டது. 2020 செப்டெம்பர் 3ஆம் திகதி, குவைத்திலிருந்து இந்தியாவின் பரதீப் துறைமுகத்துக்கு ஏறத்தாழ 2,70,000 தொன் மசகெண்ணெயுடன் சென்ற 'நியூ டயமண்ட்' என்ற கப்பல், சங்கமன்கண்டி முனைக்குக் கிழக்கே தீப்பற்றியது. இருபத்து மூன்று மாலுமிகளில் பிலிப்பீன்ஸ் நாட்டவர் ஒருவர் இறந்தார், மற்றவர்கள் காப்பாற்றப்பட்டனர். இலங்கைக் கடற்படையும் விமானப்படையும் இந்தியக் கரையோரக் காவற்படையும் சேர்ந்து போராடின. அணைந்ததாக நினைத்த தீ மறுபடியும் மூண்டது. எண்ணெய்த் தாங்கிகளுக்கு அது பரவியிருந்தால் திருக்கோவில், பொத்துவில் மீனவர்களின் கதி என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த நெருப்புகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. எல்லாவற்றுக்கும் ஒரே உடுப்புப் பொருந்தாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

தீயணைப்பு உடுப்பு என்றால் "எரியாத சட்டை" என்றுதான் பலர் நினைக்கிறார்கள். எரியாமலிருப்பது முதற்படி மட்டுமே. இரும்புச் சட்டியும் எரியாது; அதை அணிந்துகொண்டு நெருப்புக்குள் போக முடியுமா? தோலுக்குச் சூடு போய்ச் சேராமல் தாமதப்படுத்துவதே உடுப்பின் வேலை. எங்கள் தோல் மிக மென்மையானது. தோலின் உட்படை 44 பாகை செல்சியஸைத் தாண்டியதுமே காயம் தொடங்கிவிடும். அதற்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் சேதம் விரைவாகிக்கொண்டே போகும்.

இந்த அளவுகளை ஒழுங்காகக் கணித்துத் தந்தவர்களில் ஒரு பெண்மணியின் பெயரை இங்குள்ள மாணவிகள் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் பெயர் அலிஸ் ஸ்டோல். அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுகூடத்தில் பணியாற்றியவர். எவ்வளவு வெப்பத்தை எத்தனை வினாடிகள் தாங்கினால் மனிதத் தோல் கொப்புளிக்கும் என்பதை அவரும் அவருடைய சக ஆய்வாளரும் 1969இல் ஒரு வளைகோடாக வெளியிட்டார்கள். "ஸ்டோல் வளைகோடு" என்று இன்றும் அதை அழைக்கிறோம். நான் ஒரு துணியைச் சுவாலைக்கு மேல் வைத்து, மறுபக்கத்திலுள்ள வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு முறையும் அவருடைய கோட்டோடுதான் ஒப்பிடுகிறேன். அமெரிக்க நியமத்தின்படி கட்டடத் தீக்கான உடுப்பு ஒன்று குறைந்தது 35 என்ற பாதுகாப்பு எண்ணைப் பெற வேண்டும். பெரிய எண்ணாகத் தெரிகிறதா? கடும் வெப்பத்தின் முன்னே இரண்டாந்தர எரிகாயம் உண்டாக ஏறத்தாழ பதினேழரை வினாடி எடுக்கும் என்பதே அதன் பொருள். அந்தப் பதினேழரை வினாடிக்குள் ஒருவர் திரும்பிக் கதவைத் தேடி வெளியே வந்துவிட வேண்டும். என் தொழில் முழுவதும் அந்த வினாடிகளைப் பற்றியதுதான்.

அந்த நேரம் எப்படிக் கிடைக்கிறது? உடுப்பில் மூன்று படைகள் இருக்கின்றன. வெளிப்படை சுவாலையையும் உராய்வையும் தாங்கும். நடுப்படை ஒரு மெல்லிய சவ்வு. வெளித்தண்ணீரை உள்ளே விடாது, உள்ளிருக்கும் நீராவியை ஓரளவு வெளியே விடும். உட்படை பஞ்சுமெத்தை போன்றது. அதற்குள் அடைபட்டிருக்கும் காற்றே உண்மையான கவசம். காற்றை மட்டும் அணிந்துகொண்டு போக முடியாது என்பதால் அதைப் பிடித்துவைக்கத் துணி தேவைப்படுகிறது. அதனால்தான் சுவாசக் கருவியின் வார் அழுத்துகிற தோளிலும், மண்டியிடுகிற முழங்காலிலும் முதலில் சுடும். அந்த இடங்களில் காற்று நசுங்கிவிடுகிறது. நல்ல வடிவமைப்பாளர் அங்கே மேலதிகத் துண்டு வைத்துத் தைப்பார்.

வெளிப்படை நூல்களிலும் ஒரு பெண்ணின் கை இருக்கிறது. 1965இல் டியூபொண்ட் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் ஸ்டெபனி குவோலெக் கலங்கலான ஒரு கரைசலைத் தயாரித்தார். தெளிவில்லாத அந்தத் திரவத்தை நூற்கும் கருவியில் ஊற்ற முதலில் தயங்கினார்கள். அவர் விடாமல் கேட்டு நூற்றுப் பார்த்தார். வந்தது கெவ்லார் நூல். அதன் உறவான நோமெக்ஸ் நூலோடு அதைச் சேர்த்து நெய்த துணி இன்று உலகின் பல தீயணைப்பு நிலையங்களில் தொங்குகிறது. எங்கள் வீடுகளிலுள்ள நைலோனும் பொலியெஸ்டரும் ஏறத்தாழ 260 பாகையில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். இந்த நூல்கள் உருகுவதில்லை. கருகி விறைத்து நின்று, தோலுக்கு நேரம் வாங்கித் தரும்.

இவ்வளவும் வெளிச்சூட்டைப் பற்றியது. எங்கள் ஊருக்கு முக்கியமான பகுதி இனித்தான் வருகிறது.

கனமான குழாயை இழுத்துக்கொண்டு மாடி ஏறுகிறவரின் உடம்பே ஓர் அடுப்பு. அந்தச் சூட்டை வெளியேற்ற உடம்புக்கு இருக்கும் பெரிய வழி வியர்வை ஆவியாவதுதான். சுவாசக் கருவியோடு சேர்த்து இருபது கிலோவுக்கு மேற்பட்ட சுமைக்குள், மூன்று படைத் துணிக்குள் வியர்வை எப்படி ஆவியாகும்? வெளிச்சூட்டைத் தடுக்க உடுப்பைத் தடிப்பாக்கினால் உட்சூடு சிறைப்படுகிறது. உட்சூட்டை விட மெல்லியதாக்கினால் வெளிச்சூடு நுழைகிறது. எங்கள் துறையின் தீராத வழக்கு இது. அமெரிக்காவில் கடமையின்போது இறக்கும் தீயணைப்பாளர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் திடீர் இருதயக் கோளாறினால் இறந்திருக்கிறார்கள் என்பது பல ஆண்டுக் கணக்கு. வேலைப் பளுவும் உடம்பில் தேங்கும் சூடும் இருதயத்தை அவ்வளவு வருத்துகின்றன.

ஆகவே நியமம் எழுதியவர்கள் இரண்டாவது எண்ணொன்றையும் வைத்தார்கள். ஒரு சதுர மீற்றர் துணி எத்தனை வாற் வெப்பத்தை வெளியே விடுகிறது என்று அளந்தார்கள். 2000ஆம் ஆண்டு நியமத்தில் 130 போதும் என்றிருந்தது, 2007இல் 205 ஆக உயர்ந்தது. நல்ல முன்னேற்றம். ஆனால் அந்த அளவீடு 25 பாகை வெப்பமும் 65 வீத ஈரப்பதனும் உள்ள அறையில் எடுக்கப்படுகிறது. கச்சான் வீசும் நண்பகலில் கல்லடிப் பாலத்தில் நின்ற எவருக்கும் 25 பாகை என்பது மார்கழி விடியற்காலைக் குளிர்! மாரி தொடங்கினாலோ காற்றே ஈரமாகிவிடும். வெறும் பருத்திச் சட்டையே உடம்பில் ஒட்டிக்கொள்ளும். அதே உடுப்பு ஒரு குளிர்நாட்டு வீரரைக் காப்பாற்றும் அளவுக்கு எங்கள் வீரரைக் காப்பாற்றுமா? வெளிச்சூட்டிலிருந்து காப்பாற்றும். உட்சூட்டிலிருந்து காப்பாற்றும் என்று அந்த 205ஐப் பார்த்து மட்டும் சொல்ல என்னால் இயலாது.

ஈரத்தைப் பற்றி இன்னொன்று. அடுப்பிலிருந்து சட்டியை இறக்கும்போது ஈரத் துணியால் பிடித்துக் கை சுட்டுக்கொள்ளாதவர் இந்த மண்டபத்தில் உண்டா? உலர்ந்த துணியில் காற்று இருக்கிறது. ஈரத் துணியில் அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் நன்றாகச் சூட்டைக் கடத்தும். வியர்வையில் நனைந்த உட்படைக்கும் இதே விதிதான். அதிகம் வியர்க்கும் நாட்டில், உட்படை சீக்கிரம் நனையும். நனைந்த பிறகு ஆய்வுகூடத்து எண் அப்படியே நிற்கும் என்று நம்ப முடியாது. குசினியில் அம்மா சொல்லித்தந்த பாடத்தைத்தான் நாங்கள் இலட்சக்கணக்கான செலவில் இயந்திரம் வைத்து அளக்கிறோம்.

இப்போது கொள்கலனுக்கு வருவோம்.

அமெரிக்கப் பராமரிப்பு நியமத்தின்படி இத்தகைய உடுப்பைத் தயாரித்து பத்து வருடங்களில் சேவையிலிருந்து நீக்க வேண்டும். பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும் நீக்க வேண்டும். இந்த நூல்களுக்கு நெருப்பைவிட வெயில் கொடிய பகை. புறஊதாக் கதிர் பட்டால் வலு குறையும். கழுவிக் கழுவி நடுச்சவ்வு கிழிந்திருந்தாலும் வெளியிலிருந்து தெரியாது. நாங்களோ எதையும் முற்றத்து வெயிலில் காயப்போடுகிறவர்கள். வலு குறைந்த உடுப்புக்கு அது கடைசி அடியாகும்.

அழுக்கு இன்னொரு பிரச்சினை. புகையிலுள்ள நச்சுப் பொருட்கள் துணியில் படிந்து தங்கும். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2022இல் தீயணைப்புத் தொழிலையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதலாம் வகுப்பில் சேர்த்தது. கரி படிந்த சட்டை வீரத்தின் அடையாளம் என்று ஒரு காலத்தில் பெருமைப்பட்டார்கள். இன்று அதை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம், பிள்ளைகளின் உடுப்போடு துவைக்க வேண்டாம் என்கிறோம். நீர் ஒட்டாமலிருக்கப் பூசப்படும் புளோரின் சேர்ந்த இரசாயனங்களும் இருக்கின்றன. அமெரிக்காவில் ஒரு தீயணைப்பாளரின் மனைவி, கணவருக்குப் புற்றுநோய் வந்த பிறகு, அவருடைய உடுப்பில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தொடங்கினார். விஞ்ஞானியல்லாத அந்தப் பெண் விடாமல் கேட்டதால்தான் நோட்ர டேம் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் உடுப்புகளைச் சோதித்து, 2020இல் முடிவை வெளியிட்டார்கள். அந்த இரசாயனங்கள் கணிசமான அளவில் இருந்தன. அதன் பிறகே அவை இல்லாத துணியைத் தேடும் வேலை சூடுபிடித்தது. அங்கே கழிக்கும் பழைய உடுப்புகள் பலவற்றில் இவை இருக்கும்.

ஆகவே, சகோதரிகளே, என் பதில் இது. வயது தெரியாத, சோதிக்கப்படாத பழைய உடுப்புகளை அனுப்ப வேண்டாம். அதை அணிகிறவர் தனக்குக் கவசம் இருக்கிறது என்று நம்பி ஓரடி கூடுதலாக உள்ளே போவார். அந்த ஓரடிதான் ஆபத்து. அங்குள்ள சட்டம் ஒருவருக்குப் போதாது என்று கழித்ததை இங்குள்ள ஒருவருக்குப் போதும் என்று நாங்கள் எப்படித் தீர்மானிப்பது?

அனுப்ப வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமல்ல. இலங்கையில் தீயணைப்புச் சேவையைப் பெரும்பாலும் மாநகர சபைகளே நடத்துகின்றன. அவற்றின் நிதியைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கொள்கலனுக்கும் கப்பற் கூலிக்கும் செலவிட நினைத்த பணத்துக்கு மூன்று வழிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, என்ன தேவை என்று தீயணைப்பு வீரர்களையே கேளுங்கள். ஒருவேளை முழு உடுப்பைவிடப் புதிய கையுறைகளும், தலையையும் கழுத்தையும் மூடும் உட்தொப்பிகளும் அவசரமாக இருக்கலாம். புல்லிலும் வைக்கோலிலும் பிடிக்கும் தீக்கு மூன்று படை உடுப்புத் தேவையே இல்லை. ஒற்றைப் படையில் தைத்த இலேசான உடுப்பே உகந்தது. மெல்பேர்ணிலும் சிட்னியிலும் இருப்பவர்கள் காட்டுத்தீ அணைக்கும் தொண்டர்களின் மஞ்சள் உடுப்பைப் பார்த்திருப்பீர்கள். தீப்பற்றாதபடி பதப்படுத்திய பருத்தியில் அவற்றைத் தைத்து வந்திருக்கிறார்கள். இரண்டு நெருப்புக்கு இரண்டு உடுப்பு என்பது எங்கள் வெயிலுக்கு மிகவும் பொருந்தும்.

இரண்டாவது, குளிர்விக்கும் ஏற்பாடு. ரொறன்ரோத் தீயணைப்புச் சேவையோடு சேர்ந்து கனடியப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் நடத்திய சோதனைகளில், ஓய்வு நேரத்தில் கைகளை முழங்கை வரை குளிர்ந்த நீரில் அமிழ்த்தி வைத்தவர்களின் உடற்சூடு நன்றாகக் குறைந்தது. அதற்குத் தேவை ஒரு நாற்காலி, இரண்டு வாளி, கொஞ்சம் ஐஸ், நிழல். மீன் ஏற்றுமதி செய்யும் ஊரில் ஐஸுக்குப் பஞ்சமில்லை.

மூன்றாவது, பிள்ளைகள். இதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். எங்கள் நாடு உலகத்துக்கு உடுப்புத் தைக்கும் நாடு. கொரோனாக் காலத்தில் எங்கள் தொழிற்சாலைகள் மருத்துவப் பாதுகாப்பு அங்கிகளுக்கு விரைவாக மாறிக் காட்டின. எங்கள் கரையிலேயே மருதமுனையில் தலைமுறை தலைமுறையாகத் தறி ஓடுகிறது. தைக்கத் தெரிந்த கைகளுக்கும் நெய்யத் தெரிந்த கைகளுக்கும் குறைவில்லை. வெப்பமான, ஈரமான கரையோரத்துக்கென்று ஒரு தீயணைப்பு உடுப்பை யோசிக்கிறவர்கள்தான் தேவை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இதற்கான பொறியியற் பிரிவு இருக்கிறது. எங்கள் பாடசாலையில் பௌதிகவியல் நன்றாகச் செய்யும் பிள்ளைக்குத் தையல் குறைந்த பாடமாகத் தெரிகிறது. தையலில் கெட்டிக்காரப் பிள்ளைக்குப் பௌதிகவியல் பயமாகத் தெரிகிறது. இந்த இரண்டு பிள்ளைகளையும் ஒரே வாங்கில் இருத்துங்கள். தீயணைப்பு உடுப்பு அந்த வாங்கில்தான் பிறக்கும்.

ஓர் உதாரணம். கையை உயர்த்தினால் சட்டை முழுவதும் மேலே ஏறி, இடுப்பும் மணிக்கட்டும் வெளியே தெரியும். நெருப்பில் அந்த இரண்டு விரல் அகலம் ஓர் எரிகாயம். கமக்கட்டின் கீழே சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைத்தால் கை தாராளமாக உயரும், சட்டை அசையாது. சட்டை தைத்துப் பழகிய எங்கள் தையல் ஆசிரியைகளுக்கு இது தெரிந்த வித்தை.

அதே உடுப்பைப் பெண்கள் அணியும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. ஆண் அளவில் வெட்டியதைச் சிறிதாக்கிக் கொடுப்பதே நீண்டகால வழக்கம். 2008இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், ஏறத்தாழ எண்பது வீதமான பெண் தீயணைப்பாளர்கள் தங்கள் உடுப்போ கருவியோ அளவாக இல்லை என்று சொன்னார்கள். தமிழ்நாட்டில் 2003இல் தீயணைப்புத் துறையில் அதிகாரிகளாகச் சேர்ந்த முதற் பெண்களில் ஒருவர் பிரியா ரவிச்சந்திரன். 2012 ஜனவரியில் சென்னை சேப்பாக்கத்தில் எழிலகத்துக் கலச மகால் எரிந்தபோது உள்ளே சென்ற அவர் கடுமையான எரிகாயங்களுக்கு உள்ளானார். அவருடன் கடமையிலிருந்த தீயணைப்பாளர் ஒருவர் உயிரிழந்தார். பிரியா குணமாகி மீண்டும் கடமைக்குத் திரும்பினார். எங்கள் மொழி பேசும் ஒரு பெண் அந்த வாசலுக்குள் போயிருக்கிறார். இனிப் போகப்போகிறவர்களுக்கு அவர்கள் அளவில் வெட்டிய உடுப்பு வேண்டும்.

வடிவமைப்பு என்றால் பெரிய ஆய்வுகூடம் வேண்டும் என்று எண்ணிவிடாதீர்கள். எங்கள் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, போத்தல் விளக்குகள் சரிந்து எரிகாயத்தோடு வந்த நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து, குட்டையான, கனமான, சரிந்தாலும் உருளாத ஒரு விளக்கை உருவாக்கினார். திருகுமூடி இருப்பதால் எண்ணெய் சிந்தாது. 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அவர் செய்த முதல் வேலை, யார் எப்படிச் சுட்டுக்கொள்கிறார்கள் என்று கவனித்ததுதான். அந்தக் கவனம் இருந்தால் போதும், மற்றதைப் படித்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கும் இரண்டு வார்த்தை. அடுப்படியில் நைலோன் உடுப்பும் தொங்கும் துப்பட்டாவும் வேண்டாம். உடம்போடு அளவான பருத்தி உடுத்துங்கள். உடுப்பில் தீப்பிடித்தால் ஓடாதீர்கள், நிலத்தில் விழுந்து உருளுங்கள். சுட்ட இடத்தில் பற்பசையும் முட்டை வெள்ளையும் பூசாமல், இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் பிடித்து, பிறகு வைத்தியசாலைக்குப் போங்கள்.

கொள்கலனுக்கென்று சேர்த்த பணத்தைக் கொண்டு, உயர்தரம் முடித்துப் புடைவைப் பொறியியல் படிக்கப் போகும் எங்கள் மாணவி ஒருத்திக்கு ஆண்டுதோறும் ஒரு புலமைப்பரிசிலும், எங்கள் தீயணைப்பு வீரர்கள் கேட்கும் அளவில் புதிய கையுறைகளும் கொடுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். இந்தப் பிரேரணையை இன்றைய பொதுக்கூட்டத்தில் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். தேநீர் இடைவேளைக்கு முன் கை உயர்த்துங்கள்.